வேலரண்ட்டில் சில்வரிலேயே நிற்கிறேன், டீம்மேட்தான் காரணமா?

"எய்ம் நன்றாக இருக்கிறது, ஸ்கோர்போர்டில் பெரும்பாலும் முதல் இரண்டு இடத்தில் வருகிறேன், ஆனால் தெரியாத நாலு பேரோடு சேர்ந்து தோற்றுக்கொண்டே இருக்கிறேன், என்ன செய்வது" என்பது வேலரண்ட் என்ற ஐந்துக்கு ஐந்து துப்பாக்கி கேம் பற்றிய உங்கள் கேள்வி. நானும் ஒரு வருடத்துக்கு மேல் சில்வர் 2, 3 ரேங்க் என்று அங்கேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன், இப்போது பிளாட்டினம். அயர்ன் முதல் ரேடியண்ட் வரை உள்ள 25 படிகளில் இது பெரிய உயரம் இல்லை, ஆனால் சில்வரிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

டீம்மேட் காரணம் இல்லை. உங்கள் பக்கம் தெரியாதவர் நாலு பேர், எதிரில் ஐந்து பேர். மோசமாக ஆடுபவர் எதிர்ப்பக்கம் விழும் வாய்ப்புதான் அதிகம், நூறு ஆட்டம் ஆடினால் இது உங்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

நான் மாற்றிய முதல் விஷயம், ரவுண்டுக்கு ரவுண்டு துப்பாக்கி வாங்க கேமில் கிடைக்கும் காசு. பிஸ்டல் ரவுண்டு என்ற முதல் ரவுண்டில் 800 இருக்கும், அதைச் செலவழித்துத் தோற்கிறோம் என்று வையுங்கள். தோற்றதற்கு 1900 வரும். அதில் 1600 கொடுத்து ஸ்பெக்டர் துப்பாக்கி வாங்கிவிடுவேன், மற்ற நாலு பேரும் அடுத்த ரவுண்டுக்குச் சேர்த்து வைக்க வாங்காமல் நிற்பார்கள். அந்த ரவுண்டும் போகும், அடுத்து 2400 வரும், கையில் மீதி 300, மொத்தம் 2700. அதைவிட நல்ல துப்பாக்கியான வேண்டல் 2900. இரண்டு பேரைச் சுட்டிருந்தால் கூடுதலாக 400 வந்து துப்பாக்கி கிடைக்கும், ஷீல்டுக்குக் காசு இராது. வாங்காமல் இருந்த நாலு பேர் கையில் 4300 இருக்கும், வேண்டலும் ஹெவி ஷீல்டும் சேர்த்து 3900, மிச்சத்தில் கேரக்டரின் சிறப்புத் திறன்களான எபிலிட்டியும் வாங்கலாம். அதாவது மூன்றாவது ரவுண்டில் ஐந்து பேரும் முழுசாக இறங்க வேண்டிய இடத்தில் நான் ஒருத்தன் மட்டும் அரைகுறையாக நின்றேன், முதல் சண்டையிலேயே செத்து நாலுக்கு ஐந்து என்று ஆக்கினேன், அப்புறம் டீமைத் திட்டினேன். இதை ஒரு பழைய ரீப்ளேயைப் பார்த்தபோதுதான் கவனித்தேன்.

கடைப் பக்கத்திலேயே அடுத்த ரவுண்டில் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்று காட்டும். வாங்குவதற்கு முன் அந்த எண்ணையும் மற்ற நாலு பேரின் காசையும் பாருங்கள். எல்லாரும் ஃபோர்ஸ் (காசு போதாவிட்டாலும் வாங்குவது) செய்கிறார்களா, நீங்களும் செய்யுங்கள், தப்பான முடிவாக இருந்தாலும் பரவாயில்லை, ஐந்து பேரும் சேர்ந்து எடுத்த தப்பு தனியாக எடுத்த சரியை விட மேல். உங்களிடம் 7000 இருந்து இன்னொருவரிடம் 1500 இருந்தால் கேட்காமலே ஒரு வேண்டல் வாங்கிப் போடுங்கள். சில்வரில் இதை யாரும் செய்வதில்லை, செய்தவுடன் அந்த ஆள் உங்களோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது, மைக். மும்பை சர்வரில் எனக்கு வரும் டீம்களில் பாதிக்கு மேல் இந்திதான். எனக்கு இந்தி தெரியாது, அதனால் மாதக்கணக்கில் வாயைத் திறக்கவே இல்லை. நம்ம ஊர்ப் பையன்கள் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள் என்று தெரியும், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தேவைப்படுவது மொழி இல்லை. "பி மெயின் த்ரீ", "ஒன் கேட்வாக்", "ஸ்பைக் ஏ", அதாவது எதிரி எங்கே, எத்தனை பேர், குண்டு எங்கே, இவ்வளவுதான், இது எல்லாருக்கும் புரியும். செத்தவுடன் இரண்டு நொடிக்குள் சொல்லிவிடுங்கள், ஏன் செத்தோம் என்ற விளக்கம் வேண்டாம், மிச்சம் இருப்பவருக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.

ஏஜென்ட், அதாவது நாம் ஆடும் கேரக்டர் விஷயத்தில் ஒன்றே ஒன்று: ரெய்னாவை விட்டுவிட்டு, புகை போட்டு எதிரியின் பார்வையை மறைக்கும் பிரிம்ஸ்டோன் எடுத்தேன், இப்படி ஸ்மோக் போட ஆள் இல்லாத டீம்கள் அவ்வளவு வந்தன.

இதெல்லாம் செய்தும் முதல் பத்து ஆட்டத்தில் ரேங்க் அசையாமல் இருக்கலாம். உங்கள் திறமையைக் கேம் கணக்கிடும் எம்எம்ஆர் என்ற வெளியே தெரியாத எண் ஒன்று தனியாக ஓடுகிறது, அது மேலே போனால் ஜெயிக்கும்போது கிடைக்கும் புள்ளி தோற்கும்போது போவதை விட அதிகமாகும். எனக்கு முன்னேற்றம் முதலில் அந்தப் புள்ளிகளில்தான் தெரிந்தது, கோல்ட் வந்தது அதற்கும் மூன்று வாரம் கழித்து.