ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் மறைக்காமல் பணியாற்றலாமா? இந்தத் தடையை எதிர்த்து எங்காவது போராடி ஜெயித்திருக்கிறார்களா?

ஜெயித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படையில் இருந்தவர்களே முன்னால் நின்று ஜெயித்தார்கள். நம் நாட்டில் இதைப் பற்றிய பேச்சே இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. கேள்வியின் முதல் பாதிக்கு என் பதில்: கட்டாயம் பணியாற்றலாம். 17 வருடம் தரைப்படையில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன் நான். தெரிந்துதான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பரதராமி பக்கம். குடியாத்தத்திலிருந்து சித்தூர் போகிற ரோட்டில், செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆந்திரா. வீட்டில் தமிழ், மாங்காய் மண்டியில் தெலுங்கு. வேலூர் மாவட்டத்தில் பட்டாளம் குடும்பத் தொழில் மாதிரி. கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு ஒருவர் ராணுவம் என்று பேர் வாங்கிய ஊர்களே இங்கே உண்டு. எங்கள் தெருவில் மட்டும் ஐந்து கருப்பு ட்ரங்குப் பெட்டிகள் இருக்கின்றன, மூடியில் வெள்ளை பெயிண்டில் நம்பர், ராங்க், பேர் எழுதியவை.

என் யூனிட்டுக்கு எனக்கு ஐந்து வருடம் ஜூனியராக ஒரு பையன் வந்தான். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், சித்தூர் மாவட்டத்துத் தமிழ்க் குடும்பம். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் ஒட்டிக்கொண்டான். என்னை 'உஸ்தாத்', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடுவான், இன்றைக்கும் அப்படித்தான்.

அவனைப் பற்றி ஒரு ராத்திரியைச் சொல்லியாக வேண்டும். வடக்கே பனியில் ஒரு போஸ்ட். பங்கருக்குள் குளிருக்குப் புகாரி எரியும், மண்ணெண்ணெயில் எரிகிற இரும்பு அடுப்பு அது. புகை போகிற குழாய் பனியில் அடைத்துக்கொண்டால் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. முதலில் தலை வலிக்கும், அப்புறம் தூக்கம் வரும், அப்புறம் எழுந்திருக்க முடியாது. அன்றைக்கு அவனுக்கு ரெண்டு மணி சென்ட்ரி. மாற்றிவிடப் போனவன், உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை என்றதும் கதவை உதைத்துத் திறந்து, என்னையும் இன்னொருவனையும் ஸ்லீப்பிங் பேக்கோடு சேர்த்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறான். எனக்கு ஞாபகம் இருப்பது பனி முகத்தில் பட்டதும், 'உஸ்தாத், உஸ்தாத்' என்று அவன் கன்னத்தில் அறைந்ததும்தான்.

அப்படிப்பட்டவன் பொங்கலுக்கு லீவ் கேட்கவே மாட்டான். லீவ் லிஸ்ட் போடும்போது மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். இவன் தன் முறையைக் கல்யாணமானவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிடுவான். தங்கமான பையன் என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். பெட்டிக்குள் மாமன் மகள் போட்டோ ஒன்று ஒட்டியிருந்தான். யாராவது கேட்டால் அதைக் காட்டுவான். அந்தப் பெண்ணுக்கு எப்போதோ வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து குழந்தையும் இருந்தது எங்களுக்குத் தெரியாது. ஊருக்குப் போனால் அவன் அம்மா, 'எங்க நைனாவுக்கு இந்த லீவ்ல முடிச்சிடணும்' என்று ஜாதகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவன் ஊருக்கே போகாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். எனக்கு அது புரிய ரொம்ப வருடம் ஆனது.

நான் பென்ஷன் வாங்கி ஊருக்கு வந்தபின், 2018 செப்டம்பர் 6-ம் தேதி ராத்திரி அவனிடமிருந்து போன். 'உஸ்தாத், நியூஸ் பாத்தீங்களா?' எந்த நியூஸ் என்றேன். பேச்சை மாற்றி, மாங்காய் இந்த வருஷம் என்ன ரேட்டுக்குப் போச்சு என்று கேட்டான். செப்டம்பரில் மாங்காய் ரேட் கேட்கிறானே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் கீழ், ஒரே பாலினத்தவரானாலும் வயதுவந்த இருவர் விருப்பத்தோடு சேர்ந்திருப்பது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன நாள் அது.

அடுத்த வருடம் 15 வருட சர்வீஸ் முடிந்த கையோடு டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ப்ரமோஷன் வரிசையில் இருந்தவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். ஜூன் மாதம், எங்கள் தோப்பில் ஜூஸ் ஃபேக்டரிக்குப் போக பெங்களூரா மாங்காயை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். மாங்காய்ப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். 'அன்னைக்கு ரெக் ரூம்ல டிவியில அந்தத் தீர்ப்பு ஓடுச்சு உஸ்தாத். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவங்களவிட சத்தமா சிரிச்சேன்.'

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த மாதிரி சிரிப்பை நானே எத்தனையோ தடவை ஆரம்பித்து வைத்திருக்கிறேன், அவன் பக்கத்தில் இருக்கும்போதே. இப்போது இதைப் பற்றி நான் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? நம் ராணுவத்தில் 'தன்பாலீர்ப்பாளர் சேரக்கூடாது' என்று ஒரு வரி கிடையாது. ஆனால் 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 46-வது பிரிவில் 'இயற்கைக்கு மாறான', 'அநாகரிகமான' நடத்தை என்று ஒன்று இருக்கிறது. ஏழு வருடம் வரை சிறை. அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு அடுத்த படியில் இருக்கும் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் 45-வது பிரிவு, பதவிக்குத் தகாத நடத்தை, வேலை போய்விடும். இதன் மேல், படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதனால் 2018 தீர்ப்பு வெளியே இருப்பவர்களுக்குக் கதவைத் திறந்ததே தவிர, பாரக் வாசலிலேயே நின்றுவிட்டது. 2019 ஜனவரியில் அப்போதைய தரைப்படைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், ராணுவத்தில் இதை அனுமதிக்க மாட்டோம் என்று பத்திரிகையாளர்களிடம் சொன்னார். என் நண்பன் டிஸ்சார்ஜுக்கு எழுதிக்கொடுத்தது அதற்கு அடுத்த வாரம். 2022-ல், வேலையை விட்டு வந்த ஒரு மேஜரின் வாழ்க்கையை வைத்துப் படம் எடுக்க இயக்குநர் ஓனிர் கேட்டபோது, பாதுகாப்பு அமைச்சகம் அந்தத் திரைக்கதைக்கு அனுமதி தரவில்லை.

இப்போது எதிர்த்துச் சொல்லப்படும் காரணங்களுக்கு வருகிறேன். 'ஒரே பாரக்கில் படுக்கணும், ஒரே இடத்தில் குளிக்கணும், எப்படி?' என்பார்கள். நாங்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தோம். அந்த பங்கரில் எனக்கு ரெண்டு அடி தள்ளிப் படுத்திருந்தவன் அவன். என் உயிரைக் காப்பாற்றிய கை அது. யாராவது இன்னொருவரிடம் தப்பாக நடந்தால் தண்டியுங்கள், ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், யார் யாரிடம் நடந்தாலும் ஒரே விதி. நடத்தைக்குத்தான் விதி வேண்டும். ஒருவன் மனதில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு எதற்கு விதி?

இன்னொரு காரணம் சொல்வார்கள், ரகசியம் உள்ளவனை எதிரி மிரட்டி வேலை வாங்கலாம் என்று. இதை நான் ரொம்ப யோசித்தேன். மிரட்ட முடிவது எதனால்? வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதனால்தானே? அந்தப் பயத்தை உண்டாக்குவதே தடைதான். தடையை எடுத்துவிட்டால் மிரட்டுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் இந்தச் சண்டை ரொம்ப நீளம். 1975-ல் லியோனார்ட் மாட்லோவிச் என்ற விமானப்படை சார்ஜென்ட், வியட்நாமில் கண்ணிவெடியில் காயம்பட்டவர், மெடல் வாங்கியவர், தன்னைப் பற்றித் தானே மேலதிகாரியிடம் கடிதம் கொடுத்தார். டைம் பத்திரிகை அட்டையில் அவர் படம் வந்தது. வேலையிலிருந்து அனுப்பினார்கள். வாஷிங்டனில் இருக்கும் அவர் கல்லறையின் தலைக்கல்லில் பேர் கிடையாது. ராணுவத்தில் இருந்தபோது இரண்டு ஆண்களைக் கொன்றதற்கு மெடல் கொடுத்தார்கள், ஒருவனை நேசித்ததற்கு வெளியே அனுப்பினார்கள் என்று பொறித்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

தடையை எடுப்பேன் என்று சொல்லி வந்த கிளின்டன் 1993-ல் பாதி வழியில் சமரசம் செய்துகொண்டார். 'நாங்கள் கேட்க மாட்டோம், நீயும் சொல்லாதே' என்பது அந்தச் சட்டம். கேட்க நல்லதாக இருக்கும். ஆனால் வாயைத் திறந்தவர்கள் 13,000 பேருக்கு மேல் வெளியே போனார்கள், போர் நடக்கும்போதே அரபி மொழி தெரிந்தவர்கள் உட்பட. அவர்களில் ஒருவரான லெப்டினன்ட் டான் சோய் 2010-ல் யூனிஃபார்மோடு போய் வெள்ளை மாளிகை வேலியில் தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். அதே வருடம் முப்படைகளின் தலைமைத் தளபதி அட்மிரல் மைக் முல்லன் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, நாட்டைக் காக்க வந்த பிள்ளைகளைத் தாங்கள் யார் என்பதைப் பற்றிப் பொய் சொல்ல வைக்கிற கொள்கை தன் மனதை உறுத்துகிறது என்றார். படையினரையே கேட்டார்கள், சுமார் 70 சதவீதம் பேர் இதனால் பெரிய கெடுதல் எதுவும் வராது என்கிற மாதிரிதான் பதில் சொன்னார்கள். 2010 டிசம்பரில் செனட்டில் 65-க்கு 31. ஒபாமா கையெழுத்துப் போட்டார், 2011 செப்டம்பர் 20 முதல் தடை இல்லை.

இங்கிலாந்துக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 377 அவர்கள் எழுதி வைத்தது. நம் ராணுவச் சட்டமும் அவர்கள் காலத்து 1911 சட்டத்தின் வழியில் வந்ததுதான். அங்கே வேலை இழந்த நான்கு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். விசாரணை என்ற பேரில் அவர்களுடைய அந்தரங்கத்தைத் தோண்டித் துருவியதையெல்லாம் சொன்னார்கள். 1999 செப்டம்பரில் தீர்ப்பு, 2000 ஜனவரி 12-ல் தடை நீங்கியது. 2023-ல் பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். சிலரிடம் மெடலைக்கூடத் திரும்பப் பிடுங்கியிருந்தார்கள். எழுதியவர்களே அழித்துவிட்ட சட்டத்தை நாம் ஏன் வைத்திருக்க வேண்டும்?

ரெண்டு நாட்டிலும் ஒன்றைப் பார்க்கிறேன். படையில் இருந்தவர்கள் தங்கள் ராங்க்கையும் சர்வீஸையும் சொல்லிப் பேசிய பிறகுதான் மற்றவர்கள் காது கொடுத்தார்கள். இங்கே சர்வீஸில் இருப்பவன் பேச முடியாது. அதனால் பென்ஷன் வாங்கிவிட்ட எங்களைப் போன்றவர்கள்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் மாதம் ஒரு தடவை கூடுவோம், பென்ஷன் பாக்கி, கேண்டீன் கார்டு விஷயங்களுக்காக. போன வருடம் அங்கே இதைப் பேசினேன். ஆள் யாரென்று சொல்லவில்லை, புகாரி ராத்திரியைச் சொன்னேன், அப்புறம் ரெக் ரூம் சிரிப்பைச் சொன்னேன். ரெண்டு பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒருவர், 'இதெல்லாம் நம்ம ஊருக்குத் தேவையா?' என்றார். 71 போரில் இருந்த ஒரு சுபேதார் சாப் மட்டும் கேட்டார், 'அந்தப் பையன் சென்ட்ரியில எப்பவாவது தூங்கியிருக்கானா?' இல்லை சாப் என்றேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தொகுதி எம்.பி.க்கு நான் எழுதிய மனுவில், 45, 46 பிரிவுகளைத் திருத்தச் சொல்லிக் கேட்ட மனுவில், மூன்று கையெழுத்து விழுந்தது. அதில் ஒன்று அவருடையது. பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன்.

இந்தப் பதிலைப் போடுவதற்கு முன்னால் அவனுக்கு அனுப்பினேன். பேர் மட்டும் வேண்டாம், அம்மா இருக்கிற வரைக்கும் வேண்டாம் என்றான். அப்புறம் ஒரு திருத்தம் சொன்னான். 'ரெண்டு பேர் இல்ல உஸ்தாத், மூணு பேர். மூணாவது ஆளை இழுத்தப்போ உங்களுக்கு நெனவு இல்ல.'