மதுரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

விமானத்தில் போனால் மதுரைக்குப் பக்கம் சென்னையா, கொழும்பா? (மேலூர் வாசகர்)

கொழும்புதான். மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் சுமார் 355 கி.மீ.; சென்னை மீனம்பாக்கம் சுமார் 415 கி.மீ. இவை நேர்கோட்டுத் தூரங்கள். சாலை வழியே சென்னை 460 கி.மீ. வரும்.

நீங்களே கணக்குப் போடலாம். இரண்டு ஊர்களின் அட்சரேகை வித்தியாசத்தை 111ஆல் பெருக்குங்கள். தீர்க்கரேகை வித்தியாசத்தை, நம் பகுதிக்கு, 109ஆல் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 500 கி.மீ. வரை இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். ஆயிரக்கணக்கில் போகும்போது பூமியின் வளைவு குறுக்கிடும், இதை நம்ப வேண்டாம்.

சிங்கப்பூர் டிக்கெட்டில் புறப்பாடு இரவு 11.00, வருகை காலை 5.40 என்றிருந்தால் பயணம் 6 மணி 40 நிமிடமா? (திருமங்கலம் வாசகர்)

இல்லை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அதைக் கழித்தால் 4 மணி 10 நிமிடம். இங்கே விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரை இதில் அடக்கம். தூரம் சுமார் 3,010 கி.மீ. ஜெட் விமானம் என்றால் தூரத்தை 830ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள், ஏறக்குறைய சரியாக வரும். சுழல்விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் என்றால் 500ஆல் வகுக்க வேண்டும்.

துபாய்க்குப் போக அதிக நேரம், திரும்பி வரக் குறைவு. ஏன்? (உசிலம்பட்டி வாசகர்)

தூரம் இரு பக்கமும் ஒன்றே, சுமார் 2,950 கி.மீ. காற்றுதான் மாறுகிறது. குளிர்காலத்தில் அரபிக்கடலின் வட பகுதிக்கு மேலே, விமானங்கள் பறக்கும் 10-12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து பலத்த காற்று வீசும். சராசரியாக 70 கி.மீ. வேக எதிர்காற்று என்று வைத்துக்கொண்டால், போகும்போது தரைவேகம் 760, வரும்போது 900. வானில் மட்டும் 36 நிமிட வித்தியாசம் விழும்.

ஆடியில் கதை மாறும். தரையில் மேற்கிலிருந்து ஆடிக்காற்று அடிக்கும்போது, தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து ஓடும். இந்தக் கீழைக் காற்றோடையை 1958இல் ஆய்வுக் கட்டுரையாக விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம், நம் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும். பயணத்தின் தென்பாதியில் அந்தக் காற்று துபாய் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுவதால், போக வர உள்ள இடைவெளி சுருங்கும். அட்டவணைகள் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். அதே சேவையின் இரண்டு பருவ நேரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நியூயார்க் நமக்கு மேற்கே இருக்கிறது. குறுக்குவழி ஏன் வடக்கே போகிறது? (அவனியாபுரம் வாசகர்)

உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் 65 பாகை வடக்கு வரை ஏறி இறங்கும். அதுதான் குறுகிய வழி, சுமார் 13,700 கி.மீ. தட்டைப் படத்தில் மட்டுமே அது வளைவாகத் தெரியும்.

சென்னையில் மாறி வெளிநாடு போக எவ்வளவு இடைவெளி வேண்டும்? (வாடிப்பட்டி வாசகர்)

ஒரே டிக்கெட் என்றால் நிறுவனம் கணக்குப் பார்த்தே கொடுக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு பன்னாட்டு முனையத்துக்குப் போய் மறுபடி ஒப்படைக்க வேண்டும். அங்கே 3 மணி நேரம் முன்பே இருப்பது வழக்கம். மதுரை விமானம் தாமதமானால் தாங்குவதற்கும் சேர்த்து 5 மணி நேரம் விடுங்கள்.