முழங்கால் வலிக்கு அக்குபங்சர்: கிளினிக்கில் என்ன எதிர்பார்க்கலாம்?

கேள்வி: எனக்கு 54 வயது. குடியாத்தம் அருகே வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் தேய்மானம் என்றார். சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் ஊரில் உள்ள அக்குபங்சர் கிளினிக்குக்குப் போகலாமா? ஊசி வலிக்குமா? எத்தனை முறை போக வேண்டியிருக்கும்? எல்லா மாத்திரையையும் நிறுத்தச் சொல்வார்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

பதில்: கடைசியில் கேட்டதற்கே முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 'மருந்தில்லா மருத்துவம்' என்று சொல்லிக்கொள்ளும் சில இடங்களில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. நீங்கள் நிறுத்தக் கூடாது. சர்க்கரை ஏறுவது வலியைப் போல உடனே தெரிவதில்லை என்பதால், மாத்திரையை விட்ட சில நாட்களுக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஆனால் சர்க்கரை ஏறியே இருந்தால் நாளடைவில் கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்புகளும் பாதிக்கப்படலாம். முழங்கால் வலிக்காக ஊசி போட்டுக்கொள்வது வேறு, சர்க்கரை மருந்துக்குப் பதிலாக அதை ஏற்பது வேறு. அப்படிச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

முதல் நாள் பெரும்பாலும் பேச்சிலேயே கழியும். வலி எப்போது கூடுகிறது, தூக்கம், பசி, மலச்சிக்கல் என்றெல்லாம் விசாரித்து, இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பார்கள். பிறகு படுக்க வைத்து முழங்காலைச் சுற்றியும், சில சமயம் வலிக்குத் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் கை, பாதப் புள்ளிகளிலும் ஊசி செருகுவார்கள். இந்த ஊசி சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ளது, உள்ளே மருந்து எதுவும் செல்வதில்லை. ஆகவே ஆஸ்பத்திரி ஊசியின் வலியை எதிர்பார்க்க வேண்டாம். செருகும்போது எறும்பு கடித்தாற்போல் இருக்கும். பிறகு அந்த இடம் கனப்பதும் மந்தமாக வலிப்பதும் இயல்பே. சுரீரென்று மின்சாரம் பாய்ந்தாற்போல் இருந்தால் உடனே சொல்லுங்கள். 15 முதல் 30 நிமிடம் வரை ஊசிகள் அப்படியே இருக்கும். தமிழ்நாட்டில் ஒரே ஒரு ஊசியோடு, அல்லது ஊசியே இல்லாமல் விரலால் புள்ளியைத் தொட்டு அனுப்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள். முழங்கால் வலி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பல ஊசிகள் செருகும் முறையைச் சோதித்தவை என்பதால், அவற்றின் முடிவை இதற்குப் பொருத்திப் பேச முடியாது.

பலன் விஷயத்தில் வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர்களின் 2019 வழிகாட்டி, மூட்டுத் தேய்மானத்துக்கு இதை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் 2022 வழிகாட்டியோ வேண்டாம் என்கிறது. சிகிச்சை போலவே தோன்றும் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் சிறிதாகவே தெரிந்ததுதான் இந்த இழுபறிக்குக் காரணம். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் வளராது, வலி ஓரளவு குறையலாம், அவ்வளவே. வாரம் ஒன்று அல்லது இரண்டு முறையாக 6 முறை போய்ப் பாருங்கள். அதற்குள் படி ஏறுவதிலும் உட்கார்ந்து எழுவதிலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் பணத்தை மேலும் செலவிட வேண்டாம். மொத்தமாக முன்பணம் கட்டும் 'பேக்கேஜ்' எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஊசி உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும், ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம், சர்க்கரை மாத்திரை போட்டவருக்கு இன்னும் எளிதாக வரும். பாதம் மரத்துப்போயிருந்தால், மூலிகைத் திரியைக் கொளுத்திச் சூடு காட்டுவதை மறுத்துவிடுங்கள். சுட்டதே தெரியாமல் புண்ணாகிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மத்திய அரசு அக்குபங்சரை 2003-இல் ஒரு சிகிச்சை முறையாக அனுமதித்தது, 2019-இல் தனி முறையாக ஏற்றது. ஆனாலும் சில மாதப் படிப்போடு கிளினிக் திறப்பவர்கள் உண்டு, ஆகவே எங்கே, எவ்வளவு காலம் படித்தார் என்று கேட்கலாம். ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு இது பாடத்திலேயே இருக்கிறது. வேலூர் அருகே உள்ள அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது அங்கே இச்சிகிச்சை கிடைக்குமா என்று விசாரித்துவிடுங்கள்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும், மடியில் முறத்தோடு நாள் முழுக்கச் சம்மணமிட்டு உட்காருவதைக் குறைக்காமல் வலி குறையாது. நாற்காலியில் உட்கார்ந்து, முறத்தை மேசைமேல் வைத்துச் சுற்றப் பழகுங்கள்; அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்; தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். மூட்டு திடீரென வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, கிளினிக் பக்கம் போகாமல் நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.