பாடியவர் பெயர் மட்டும் போதுமா?

கேள்வி: பழைய இந்திப் பாடல்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது அக்கார்டியன் வாசித்தவர், சாக்ஸபோன் வாசித்தவர் என்று பெயர்களாக அடுக்கியிருந்தீர்கள். லதா பாட்டு, கிஷோர் பாட்டு என்றால் போதாதா? பக்கவாத்தியக்காரர் பெயரெல்லாம் யாருக்கு வேண்டும்?

பதில்: எனக்கு வேண்டும். உங்களுக்கும் ஏன் வேண்டும் என்பதை லதாவை வைத்தே சொல்கிறேன்.

1949-ல் 'மஹல்' வந்தது. கேம்சந்த் பிரகாஷ் இசையில் 'ஆயேகா ஆனேவாலா' பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. இசைத்தட்டில் பாடியவர் என்று அச்சாகியிருந்த பெயர் என்ன தெரியுமா? காமினி. படத்தில் மதுபாலா வரும் பாத்திரத்தின் பெயர் அது. வானொலியில் கேட்டவர்கள் 'இதைப் பாடியது யார்?' என்று நிலையத்துக்குக் கடிதம் மேல் கடிதம் போட்ட பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது. ஃபிலிம்ஃபேர் விருதில் பாடகருக்கென்று ஓர் இடம் கிடைக்க 1959 வரை ஆயிற்று. அதற்கும் லதா சண்டை போட வேண்டியிருந்தது. அன்று அந்த நேயர்கள் 'மதுபாலா பாட்டு என்றால் போதாதா' என்று இருந்திருந்தால்?

சரி, 'நாகின்' படத்துக்கு வருவோம். 1954. 'மன் டோலே' பாடியது லதாதான், அருமையாகப் பாடியிருக்கிறார். ஆனால் யாரையாவது அந்தப் பாட்டை முணுமுணுக்கச் சொல்லிப் பாருங்கள், முதலில் வாயில் வருவது மகுடிதான். அது மகுடியே இல்லை. கிளாவியோலின் என்று ஒரு சின்ன மின்சாரக் கருவி. படத்தின் இசையமைப்பாளர் ஹேமந்த் குமாரின் குழுவில் இருந்த கல்யாண்ஜி அதை வாசித்தார், உதவியாளர் ரவி ஹார்மோனியத்தில் சேர்ந்துகொண்டார். இருவருமே பிற்பாடு பெரிய இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அதனால்தான் இந்த விவரமாவது நமக்குத் தெரிகிறது. வாத்தியக்காரராகவே கடைசிவரை இருந்துவிட்டவர்கள் கதி?

இன்று இரவு 'ஆராதனா' படத்தின் 'ரூப் தேரா மஸ்தானா'வைப் போட்டுக் கேளுங்கள். கிஷோர் வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் ஓர் அக்கார்டியன் புகுந்து பதில் சொல்லும். கெர்ஸி லார்ட் வாசித்தது. சாக்ஸபோன் மனோஹரி சிங். இவர்கள் இரண்டு பேரையும் எடுத்துவிட்டால் அந்த மழை இரவின் கிறக்கம் பாதியாகிவிடும். அப்போதெல்லாம் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் சேர்ந்துதான் பதிவு செய்வார்கள். கடைசி வரியில் ஒரு வயலின் தடுக்கினாலும் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களைப் 'பக்க'வாத்தியம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். கோவாவின் மஜோர்டா கிராமத்தைச் சேர்ந்த வயலின் கலைஞர் ஆந்தனி கொன்சால்வெஸ். எந்த வாத்தியம் எங்கே என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதித் தரும் இசைக்கோர்ப்பிலும் தேர்ந்தவர். அவரிடம் வயலின் கற்ற சிறுவன்தான் பின்னாளில் லக்ஷ்மிகாந்த் பியாரேலால் என்ற இசையமைப்பாளர் இரட்டையரில் ஒருவரான பியாரேலால். 1977-ல் 'அமர் அக்பர் ஆந்தனி'க்கு இசையமைத்தபோது குருவின் பெயரையே பாட்டில் ஏற்றினார். 'மை நேம் இஸ் ஆந்தனி கொன்சால்வெஸ்' என்று நாடே பாடியது. அப்படி ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பது பாடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 2012-ல் அவர் காலமானார்.

ஆகவே அடுத்த இதழிலும் பெயர்கள் வரும். முதல் பெயர் செபாஸ்டியன் டிசூசா. இசையமைப்பாளர் இரட்டையர் சங்கர் ஜெய்கிஷன் பாடல்களில் அலையலையாக எழும் அந்த வயலின்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர்.