வட்டமும் வண்ணமும்: போருக்குப் பிந்தைய ஜெர்மன் அருவ ஓவியம் – கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியில் வளர்ந்த அருவ ஓவியத்தில் (பொருளையோ உருவத்தையோ அப்படியே காட்டாத ஓவியத்தில்) வட்ட வடிவம் பெற்ற இடம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி (ஓவியக் கல்லூரி மாணவி): அந்தக் காலத்து ஜெர்மன் ஓவியர்கள் பலரிடம் வட்டம் திரும்பத் திரும்ப வருகிறது. யாரிடமிருந்து தொடங்கிப் பார்த்தால் தெளிவு கிடைக்கும், ஐயா?

பதில்: எர்ன்ஸ்ட் வில்ஹெல்ம் நையிடமிருந்து தொடங்குங்கள். 1902இல் பெர்லினில் பிறந்து 1968இல் கொலோனில் மறைந்த அவர், 1954 முதல் 1962 வரை வரைந்தவை ‘வட்டு ஓவியங்கள்’ என்றே வழங்கப்படுகின்றன. பெரியதும் சிறியதுமான வட்டுகள் கித்தான் முழுவதும் பரவி நிற்க, சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையும் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் இயங்குகின்ற இந்தப் படங்கள்தான் ஐம்பதுகளின் ஜெர்மன் ஓவியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை.

வட்டு எப்படித் தோன்றியது என்பதை நையே மிக எளிமையாக விளக்கியிருக்கிறார். வண்ணம் தோய்ந்த தூரிகையைக் கித்தானில் வைத்தால் ஒரு சிறு பொட்டு விழுகிறது. அதைப் பெரிதாக்கினால் வட்டாகிறது. அதன் பக்கத்தில் வேறு வட்டுகளை வைத்தால் அவற்றின் நிறங்களுக்கும் அளவுகளுக்கும் இடையே ஓர் உறவு உண்டாகிறது. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். ஆனால் இதற்குள் பெரிய விஷயம் இருக்கிறது. முதலில் வட்டத்தைக் கோடாக வரைந்து பிறகு உள்ளே நிறம் நிரப்புகிற வேலை இது இல்லை. கரண்டியால் தோசை மாவை நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுழற்றிப் பரப்பும்போது எப்படி வட்டம் தானாகக் கூடி வருகிறதோ, அப்படியே நிறம் உள்ளிருந்து வெளியே பரவி, தன் எல்லையைத் தானே அடைகிறது. நையின் வட்டுகளில் வட்டம் என்பது நிறத்தின் விளைவு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அவரது பிற்காலப் படங்கள் உட்பட மற்றவை தாமாகவே விளங்கத் தொடங்கும்.

1955இல் அவர் வெளியிட்ட சிறு நூலொன்று நிறத்துக்கு இருக்கும் உருவாக்கும் ஆற்றலைப் பற்றியது. பொருளைச் சாயமேற்றிக் காட்டுவதற்கோ உணர்ச்சியைக் குறிப்பதற்கோ மட்டும் நிறத்தைப் பயன்படுத்தாமல், படத்தின் கட்டுமானம் முழுவதையும் நிறத்திடமே ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

கேள்வி: ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி 1920களிலேயே வட்டங்களை வரைந்துவிட்டாரே. நை செய்ததில் புதுமை என்ன?

பதில்: கண்டின்ஸ்கி ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த 1926இல் வரைந்த ‘சில வட்டங்கள்’ என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரிய பின்னணியில் துல்லியமான வட்டங்கள் மிதக்கின்றன. பார்ப்பவருக்கு விண்வெளியும் கோள்களும் நினைவுக்கு வருகின்றன. அங்கே முன்னால் ஒரு பொருள், பின்னால் ஒரு வெளி என்ற பிரிவு இருக்கிறது. நையிடம் பின்னணி என்ற ஒன்றே கிட்டத்தட்ட இல்லை. வட்டுகளுக்கு இடையில் எஞ்சும் ஒழுங்கற்ற சந்துகளும் வட்டுகளைப் போலவே நிறத்தின் எடையைச் சுமக்கின்றன. விளிம்புகள் கையால் இழுக்கப்பட்டவை. சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் கலைந்தும் இருக்கும். பிரான்ஸில் ராபர்ட் தெலோனே 1912, 1913ஆம் ஆண்டுகளிலேயே நிற வட்டங்களை வரைந்தார் என்பதும் உண்மையே. ஆனால் அவருடைய வட்டங்கள் ஒரே மையத்தைச் சுற்றிச் சுழல்கின்றன. நையின் படத்தில் மையம் கிடையாது. கண் ஓரிடத்தில் தங்க முடியாமல் பரப்பு முழுவதும் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (வரலாற்று ஆசிரியர்): நாடே இடிபாடாகக் கிடந்த காலத்தில் அழகான நிற வட்டங்களை வரைந்துகொண்டிருப்பது, நடந்ததைப் பார்க்க மறுத்துக் கண்ணை மூடிக்கொள்வது ஆகாதா?

பதில்: இந்தக் கேள்வியை ஜெர்மானியர்களே கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள், இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஐம்பதுகளின் மேற்கு ஜெர்மன் சமூகம் தன் குற்றத்தைப் பற்றிப் பேசத் தயங்கியது என்பதும், உருவமற்ற ஓவியம் அந்த மௌனத்துக்கு வசதியாக அமைந்தது என்பதும் மறுக்க முடியாத உண்மைகள். ஆனாலும் நையின் வாழ்க்கையை அருகில் வைத்துப் பார்க்கும்போது, ‘கண்ணை மூடிக்கொண்டார்’ என்ற தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

1937இல் மியூனிக்கில் நாஜிகள் நடத்திய ‘சீரழிந்த கலை’ கண்காட்சியில் இழிவுபடுத்துவதற்காகவே தொங்கவிடப்பட்ட படங்களில் நையின் படங்கள் இரண்டும் இருந்தன. அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் அவர் நார்வேயின் லோஃபோடன் தீவுகளுக்குச் சென்று வேலை செய்ய முடிந்தது; அதற்குப் பண உதவி செய்தவர்களுள் முதிய நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கும் ஒருவர். பிறகு படையில் சேர்க்கப்பட்டு, பிரான்ஸில் லெ மான் நகரில் வரைபடம் வரைபவராகப் பணியாற்றினார். அங்கே பிரெஞ்சுச் சிற்பி ஒருவர் தம் பணிக்கூடத்தை எதிரிப் படையைச் சேர்ந்த இந்த ஓவியருக்குத் திறந்துவிட்டார். போர் முடிந்ததும் ஃபிராங்ஃபர்ட் அருகே உள்ள ஹோஃப்ஹைமில் குடியேறி, 1951இல் கொலோனுக்கு மாறினார். நாற்பதுகளின் இறுதி வரை அவர் படங்களில் புராணச் சாயலுடைய மனித உருவங்கள் கலங்கிய நிறங்களுக்குள் மறைந்தும் வெளிப்பட்டும் இருந்தன. அதாவது, வட்டுகளை அவர் ஒரே தாவலில் அடைந்துவிடவில்லை. உருவத்தோடு போராடி, போர் முடிந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்தே அங்கே வந்து சேர்ந்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அருவ ஓவியம் அப்போது எதிர்ப்பில்லாமல் ஏற்கப்பட்டுவிடவில்லை. நவீன கலை மனிதனின் மையத்தையே தொலைத்துவிட்டது என்று கலை வரலாற்றாசிரியர் ஹான்ஸ் செடல்மையர் 1948இல் எழுதினார். 1950இல் டார்ம்ஷ்டாட் நகரில் நடந்த உரையாடல்களில் ஓவியர் வில்லி பௌமைஸ்டர் அவரை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசினார். 1955இல் நடந்த சர்ச்சை நைக்கு இதைவிட நெருக்கமானது. பெர்லினில் அவருக்கு ஆசிரியராக இருந்த கார்ல் ஹோஃபர், தாமும் நாஜிகளால் ஒடுக்கப்பட்டவர், அருவ ஓவியத்தின் ஆதிக்கத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதைத் தொடர்ந்து நை, பௌமைஸ்டர், ஃபிரிட்ஸ் விண்டர் மூவரும் ஹோஃபர் தலைமை வகித்த ஜெர்மன் கலைஞர் சங்கத்திலிருந்து விலகினார்கள். அந்த ஆண்டே ஹோஃபர் இறந்தார். ஆசிரியரும் மாணவரும் இப்படிப் பிரிந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. இருவரிடமும் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன்.

கேள்வி: அவருடைய படத் தலைப்புகளில் இசைச் சொற்கள் வருகின்றன. இது வெறும் அலங்காரமா?

பதில்: இல்லை. 1949 முதல் 1951 வரையிலான படங்கள் ‘ஃபியூக்’ என்ற இசை வடிவத்தின் பெயராலும், அடுத்த இரண்டாண்டுப் படங்கள் லயத்தின் பெயராலும் அழைக்கப்படுகின்றன. 1958இல் வரைந்த ஒரு படத்துக்குச் ‘சிவப்பிலும் நீலத்திலும் ஒரு சுரக்கூட்டு’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்; அது ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. அவர் வாழ்ந்த கொலோன் அந்நாளில் புதிய இசையின் தலைநகரம். அங்குள்ள வானொலி நிலையத்தின் மின்னணு இசைக்கூடத்தில் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் பணியாற்றினார். ஒரு சுரத்தை மற்றொன்றுக்குக் கீழ்ப்படுத்தாமல் எல்லாச் சுரங்களையும் சமமாக நடத்திய இசையமைப்பாளர்களிடம் நை ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். எந்த வட்டும் தலைமை ஏற்காத அவரது படப்பரப்புக்கும் இந்த ஈடுபாட்டுக்கும் தொடர்பு உண்டு.

கேள்வி: அச்சிலும் திரையிலும் மட்டுமே பார்க்க முடிகிற எங்களைப் போன்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ஒரு வட்டு ஓவியத்தைத் திரையில் விரித்து, அதிலுள்ள மஞ்சள் வட்டு ஒன்றைக் கட்டைவிரலால் மறையுங்கள். உடனே பக்கத்திலிருந்த நீலம் சற்று மங்கிப் பின்வாங்குவதையும், தொலைவிலுள்ள சிவப்பு ஒன்று முன்னுக்கு வருவதையும் காண்பீர்கள். விரலை எடுத்தால் பழையபடி எல்லாம் ஒரே தளத்துக்குத் திரும்பும். பொதுவாக வெம்மையான நிறங்கள் முன்னேறுவதாகவும் குளிர்ந்த நிறங்கள் பின்வாங்குவதாகவும் கண்ணுக்குத் தோன்றும். நை இந்த இழுபறியை ஒழிக்கவில்லை. நீலத்துக்குப் பெரிய வட்டைத் தந்தும் மஞ்சளைச் சிறுத்தும், அல்லது சிவப்பின் ஓரத்தில் சிறிது கறுப்பை இருத்தியும் சமன் செய்தார். எனவே வட்டின் விட்டம் என்பது அந்த நிறத்துக்கு அவர் அளந்து கொடுத்த பங்கு. இந்தச் சோதனையை ஒரு படத்தின் நான்கு மூலைகளிலும் செய்து பாருங்கள். எந்த வட்டும் சும்மா இடத்தை அடைக்கவில்லை என்பது விளங்கும்.

திரையில் கிடைக்காதது அளவு. 1956இல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் வேதியியல் நிறுவனத்துக்காக அவர் வரைந்த படம் 2.55 மீட்டர் உயரமும் 6.55 மீட்டர் நீளமும் கொண்டது. அதன் முன் நிற்பவர் ஒரே பார்வையில் முழுவதையும் பிடிக்க முடியாது. நடந்துதான் பார்க்க வேண்டும்.

கேள்வி: இவ்வளவு வெற்றி தந்த வட்டுகளை ஏன் கைவிட்டார்? அலங்காரமாகிவிட்டது என்ற குற்றச்சாட்டுதான் காரணமா?

பதில்: அந்தக் குற்றச்சாட்டு இருந்தது, சில படங்களில் அதற்கு இடமும் உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். வட்டுகள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் அமைந்துவிட்டால் படம் துணி வடிவமைப்பின் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் மாற்றம் உள்ளிருந்தே வந்தது. ஐம்பதுகளின் இறுதியிலேயே தூரிகை வேகம் பெற்று, வட்டுகளின் ஓரங்கள் அவிழத் தொடங்கின. பிறகு அவர் சில வட்டுகளைக் குறுக்காக அடித்துக் கோடுகளால் கீறினார். அந்தக் கீறலிலிருந்து கண்ணின் வடிவம் எழுந்தது. 1963, 1964ஆம் ஆண்டுகளின் ‘கண் ஓவியங்கள்’ இப்படிப் பிறந்தவை. பல ஆண்டுகள் விலக்கி வைத்திருந்த மனிதச் சாயல் வட்டின் வழியாகவே திரும்பி வந்தது என்பதுதான் இந்த ஓவியரிடம் என்னை மிகவும் ஈர்க்கும் இடம்.

1964இல் காசல் நகரின் மூன்றாவது டாக்குமெண்டா கண்காட்சியில், அதன் நிறுவனர் அர்னால்ட் போடெ, நான்கு மீட்டர் நீள அகலமுள்ள நையின் மூன்று கண் ஓவியங்களைச் சுவரில் மாட்டாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். பார்வையாளர்கள் அண்ணாந்து பார்த்தபடியே அவற்றின் கீழ் நடந்து சென்றார்கள். ஓவியரும் விமர்சகருமான ஹான்ஸ் பிளாட்ஷெக் ‘டீ சைட்’ வார இதழில் நையைக் கடுமையாகத் தாக்கி எழுத, பெரும் விவாதம் மூண்டது. நையின் புகழ் அதன்பின் சரிந்தது. அவரோ தம் கடைசி ஆண்டுகளில் மெல்லிய, சமதளமான, அமைதியான நிறப் பட்டைகளுக்கு நகர்ந்தார்.

கேள்வி: ரூப்ரெக்ட் கைகரின் சிவப்பு வட்டங்களும் இதே வழியில் வந்தவையா?

பதில்: இல்லை, அது தனி வழி. மியூனிக்கில் 1908இல் பிறந்து 101 வயது வரை வாழ்ந்த கைகர், கட்டடக்கலை பயின்றவர். 1949இல் தொடங்கிய ‘சென் 49’ என்ற அருவ ஓவியர் குழுவின் நிறுவனர்களுள் ஒருவர். போர்க்களத்தில் ஓவியராக உக்ரைனில் இருந்தபோது கண்ட வானத்தின் நிறங்கள் அவரை விட்டு நீங்கவில்லை. நை பல நிறங்களுக்கிடையே உறவு தேடினார். கைகரோ ஒரே நிறம் தன்னந்தனியாக எவ்வளவு செறிவாக நிற்க முடியும் என்று பார்த்தார். அதற்காக வடிவத்தை வட்டம், முட்டை வடிவம், செவ்வகம் என்ற அளவுக்குச் சுருக்கினார். அவர் பயன்படுத்திய ஒளிரும் சாயங்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் குறுகிய அலைநீள ஒளியையும் உள்வாங்கி நெடிய அலைநீளத்தில் திருப்பி உமிழ்பவை. அதனால் அந்தச் சிவப்பு, தன்மேல் விழும் சிவப்பு ஒளியைவிடக் கூடுதலாகவே வெளியிடுகிறது. நான்கு நிற அச்சில் இதைக் கொண்டுவரவே முடியாது.

கேள்வி: ஓட்டோ பீனெ?

பதில்: அவர் அடுத்த தலைமுறை. 1928இல் பிறந்தவர், பதின்ம வயதில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில் உதவியாளராக நிறுத்தப்பட்டவர். டுசல்டார்ஃபில் ஹைன்ஸ் மாக் என்ற கலைஞருடன் ‘சீரோ’ கலை இயக்கத்தைத் தொடங்கினார். 1957 முதல், துளையிட்ட தகட்டின் வழியே வண்ணத்தை அழுத்திச் சிறு புள்ளிகளைப் புடைப்பாகப் பதித்தார். ஒளி மாற மாற அந்தப் புள்ளிகள் அதிர்வதுபோல் தோன்றும். அதன்பின் புகையும் நெருப்பும் அவர் கருவிகளாயின. கித்தானில் எரிபொருளைப் பற்றவைத்து, தீ கருக்கிக் கொப்புளம் எழுப்பிய வட்டங்களை அவர் உருவாக்கினார். நையைப் போலவே இவரும் வட்டத்தைக் கவராயத்தால் வரையவில்லை. ஆனால் நையிடம் கை செய்த வேலையை இங்கே தீயே செய்தது.

கேள்வி: ஜெர்மனி செல்லும் வாய்ப்பிருந்தால் எங்கே பார்க்கலாம்?

பதில்: நைக்குக் கொலோனின் லுட்விக் அருங்காட்சியகமும் ஹாம்பர்க் கலைக்கூடமும்; கைகருக்கு மியூனிக்கின் சோல்ன் பகுதியில் அவர் பெயரில் உள்ள ஆவணக்கூடம்; சீரோ இயக்கத்துக்கு டுசல்டார்ஃப். கைகரின் படங்களை மட்டும் பகல் வெளிச்சத்தில் பார்க்க முயலுங்கள்.