பதில்: வாக்ஸ்மன்–மார்க்கி, மசோதாவா சட்டமா?

வணக்கம். புவி வெப்பமாதலுக்குக் காரணமான பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றத்தைக் குறைக்க அமெரிக்காவில் கொண்டுவரப்பட்ட வாக்ஸ்மன்–மார்க்கி முன்மொழிவைச் 'சட்டம்' என்று ஆய்வேட்டில் எழுதியதை நெறியாளர் அடித்துவிட்டதாகவும், 219க்கு 212 என நிறைவேறியது எப்படிச் சட்டமாகாமல் போகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2009 ஜூன் 26 அன்று நடந்த அந்த வாக்கெடுப்பு அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையினுடையது மட்டுமே. மேலவையான செனட்டிலும் நிறைவேறினால்தான் அது சட்டமாகும். அங்கு விவாதத்தை முடிக்கத் தேவையான 60 உறுப்பினர்களின் ஆதரவு திரளாததால், பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் 2010 ஜூலையில் முயற்சியைக் கைவிட்டார். ஆகவே 'மசோதா' என்றே எழுதுங்கள்.

அதைவிட முக்கியம், அதை நீங்கள் 'கார்பன் வரி' என்று குறிப்பிட்டிருப்பது. வரி என்றால் விலையை அரசு நிர்ணயிக்கும். இம்மசோதாவோ வெளியேற்றத்தின் அளவுக்கு உச்சவரம்பு விதித்து, விலையைச் சந்தையிடம் விட்டது. ஓர் அனல்மின் நிலையம் தான் வெளியேற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் ஓர் உரிமச்சீட்டை ஒப்படைக்க வேண்டும். வெளியேற்றத்தைக் குறைத்தால் மிஞ்சும் சீட்டுகளை விற்கலாம். உச்சவரம்புக்குட்பட்ட துறைகளின் வெளியேற்றத்தை 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 2020க்குள் 17 சதவீதமும் 2050க்குள் 83 சதவீதமும் குறைப்பது இலக்கு. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான சீட்டுகளை இலவசமாக வழங்க ஒப்புக்கொண்டதே அதன் பெரிய பலவீனம் என்பது என் கருத்து. ஆனால் அந்த விட்டுக்கொடுப்பு இன்றி அந்த 219 வாக்குகளும் கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.