கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்: சேருமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். கிரீன் கார்டு உண்டு. 2009-ல் தமிழ்நாட்டில் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்தேன். பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட நர்சிங் படிப்பு (ஏ.டி.என்.) இருக்கிறது. என்கிளெக்ஸ் (நர்ஸ் உரிமத் தேர்வு) தேர்ச்சி 96 சதவீதமாம். நம்பிச் சேரலாமா?

பதில்: அந்த 96, பரீட்சை எழுதியவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. 40 பேர் சேர்ந்து, 16 பேர் நடுவில் நின்றுபோய், மிச்சம் 24 பேரில் 23 பேர் தேறினாலும் 96 சதவீதம்தான். சேர்ந்தவர்களில் நர்ஸ் ஆனது பாதிக்குச் சற்று மேல். அதனால் உரிய காலத்தில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் காலேஜை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கடைசி செமஸ்டரில் ஹெசி, ஏ.டி.ஐ. போன்ற எக்ஸிட் தேர்வில் மார்க் குறைந்தால் பட்டத்தை நிறுத்திவைப்பார்களா என்றும் கேளுங்கள். தேர்ச்சி சதவீதம் உயர்ந்து தெரிய இதுவும் ஒரு காரணம்.

தேர்ச்சி விவரம் மாநில நர்சிங் போர்டின் தளத்தில் காலேஜ்வாரியாக இருக்கிறது. 2023 ஏப்ரலில் என்கிளெக்ஸ் முறை மாறி, ஒரு நோயாளியின் நிலையை வைத்துத் தொடர்கேள்விகள் வர ஆரம்பித்தன. அதற்குப் பிந்தைய வருடங்களையே பாருங்கள்.

போர்டின் ஒப்புதல் இல்லாத இடத்தில் படித்தால் பரீட்சையே எழுத முடியாது. நர்சிங் படிப்பின் தரத்தைப் பார்க்கும் ஏ.சி.இ.என். அல்லது சி.என்.இ.ஏ. அமைப்பின் அங்கீகாரம் என்பது வேறு. அது இல்லாவிட்டாலும் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகலாம், ஆனால் பிறகு பி.எஸ்.என். (நர்சிங் இளநிலைப் பட்டம்) சேரும்போதும், ராணுவ வீரர்களுக்கான வி.ஏ. மருத்துவமனைகளில் வேலை கேட்கும்போதும் இடிக்கும்.

இரண்டு வருடம் என்பது நர்சிங் வகுப்பில் இடம் கிடைத்த பிறகு. அதற்கு முன் அனாடமி-பிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி போன்றவற்றை முடித்திருக்க வேண்டும். முதல் பாகம் தேறாமல் இரண்டாவது எடுக்க முடியாது என்பதால் பெரும்பாலும் ஒரு வருடம் ஓடிவிடும். பல காலேஜ்கள் 5 அல்லது 7 வருடங்களுக்கு முந்தைய அறிவியல் பாடங்களை ஏற்பதில்லை. உங்கள் மைக்ரோபயாலஜியைத் திரும்பப் படிக்கச் சொல்லலாம். சான்றிதழ் மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுமுன், எந்தப் பாடம் செல்லும் என்று நர்சிங் பிரிவு ஆலோசகரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கிளினிக்கல் (நோயாளிகளிடம் நேரடிப் பயிற்சி) எந்த மருத்துவமனையில், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், எத்தனை மணி நேரம் சிமுலேஷன் பொம்மையோடு போகிறது என்பதையும் கேளுங்கள். பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும் இடம் கிடைப்பது சிரமம். ஏதாவது குறைத்தால் பெரும்பாலும் அங்கேதான். அதிகாலை ஷிஃப்ட் வரும், குழந்தைகள் இருந்தால் அதற்கும் ஏற்பாடு வேண்டும்.

ஏற்கெனவே டிகிரி இருப்பதால் 12 முதல் 18 மாத துரித பி.எஸ்.என். படிப்புகளையும் விசாரியுங்கள். செலவு கூடும், காலம் மிச்சம்.

கேள்வி: நியூயார்க்கில் ஏ.டி.என். முடித்தால் போதாது என்கிறார்களே?

பதில்: ஆர்.என். உரிமத்துக்குப் போதும். ஆனால் 2017-ல் வந்த சட்டப்படி, உரிமம் பெற்ற 10 வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பல மருத்துவமனைகள் கட்டணத்தில் உதவும். ஏ.டி.என். பாடங்களை பி.எஸ்.என். படிப்பில் ஏற்றுக்கொள்ளும் கிரெடிட் ஒப்பந்தம் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது என்று காலேஜில் இப்போதே கேட்டு வையுங்கள்.